முன் வரிசை பேய்களுக்கு

ஓப்பரா பார்க்க நான் முக்காலியோடு போனேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரித்தால் எனக்கு அவமானம். நானே முந்திக்கொண்டால் அதற்குப் பெயர் நகைச்சுவை உணர்வு. கோலசிலாங்கூர் ஆற்றங்கரையில் மீன் பிடிக்க உட்காருவேனே, அந்த மடக்கு முக்காலி. ஒரு கையில் அது. மறு கையில் ஒரு பை நிறைய அவித்த கச்சான். அதாவது வேர்க்கடலை. எங்கள் ஊரில் வேர்க்கடலை என்று கேட்டால் கடைக்காரர் உங்களைத் தமிழ் வாத்தியார் என்று நினைத்துவிடுவார்.

இன்று காலை காரைக் கழுவும்போது பின்பெட்டியில் அந்த முக்காலி அகப்பட்டது. பிரித்தேன். மடிப்பிலிருந்து ஒரே ஒரு கச்சான் உருண்டு காலடியில் விழுந்தது. காரைக் கழுவுவதை விட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். கார் பாதி சோப்போடு நிற்கிறது.

என் மகள் தர்ஷினி புஞ்சாக் ஆலாம் பக்கம் ஒரு கல்லூரியில் இசை படிக்கிறாள். ஒரு நாள் விடுதியிலிருந்து போன் செய்தாள்.

"அப்பா, ஓப்பரா ஒன்னுல பாடறேன்பா. ஞாயித்துக்கிழமை மத்தியானம். எனக்கு சோலோ இருக்கு."

"ஓப்பராவா! என்னா கதை?"

"ரொம்பப் பழைய கதைப்பா. ஆடு மேய்க்கிறவங்களப் பத்தி."

"வேஷமெல்லாம் பலமா இருக்குமே?"

"வேஷம் கிடையாதுப்பா. மேடையில நின்னு பாடறது மட்டும்தான். கான்செர்ட் மாதிரி."

எந்த மொழி என்று நான் கேட்கவே இல்லை. ஏன் கேட்க வேண்டும்? வடசிலாங்கூரில் பிறந்து வளர்ந்தவனுக்கு உலகத்தில் ஓப்பரா என்றால் ஒன்றுதான். சீனக் கோயில் திடலில் பலகை மேடை போட்டு, முகத்தில் வெள்ளையும் சிவப்பும் அப்பிக்கொண்டு, டொங் டொங்கென்று தாளம் தட்டி ஆடுவார்களே, அது. தர்ஷினி சீனப் பள்ளியில் படித்தவள். மாண்டரினில் சண்டையே போடுவாள். ஆகவே அவள் சீன ஓப்பராவில் பாடப்போவது எனக்குத் துளிகூட ஆச்சரியமாக இல்லை. ரவாங்கில் நான் வேலை செய்யும் கூரை ஓட்டுத் தொழிற்சாலையில் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டேன். மாமாக் டீக்கடையில் தே தாரிக் ஆற்றுகிறவர்வரை விஷயம் போய்விட்டது.

போனை வைக்கப் போனவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அப்பா, இன்னொன்னு. போன ஒத்திகையில எனக்குக் குரலே வரல. வாயத் திறக்கிறேன், வெறும் காத்துதான் வருது. தெரிஞ்ச மூஞ்சி ஒன்ன பார்த்துப் பாடுன்னு டீச்சர் சொல்லிட்டாங்க. முன் வரிசையில நடு சீட்டு உங்களுக்கு. அங்கதான் உட்காரணும். நான் உங்களப் பார்த்துதான் ஆரம்பிப்பேன்."

"ப்பூ, இவ்ளோதானா? அப்பா மூஞ்சி சும்மாதான இருக்கு."

"விளையாடாதீங்கப்பா. இந்தத் தடவையும் வரலன்னா நான் வேற கோர்ஸ் மாத்திக்கிறேன். பாட்டு எனக்கு இல்லன்னு விட்டுடுவேன்."

சரி சரி என்று சத்தியம் செய்தேன். நான் சொன்னதன் விபரீதம் எனக்கு உறைத்தது ஞாயிற்றுக்கிழமை காலையில், அடுப்பில் கச்சான் கொதிக்கும்போதுதான்.

அவித்த கச்சானின் வாசம் தெரியுமல்லவா? மண்வாசமும் உப்புமாய், மழை பெய்த களத்தில் யாரோ சோறு வடித்த மாதிரி. அந்த ஆவி மூக்கில் ஏறினதும் நான் ரவாங் வீட்டில் இல்லை. பத்தாங் பெர்ஜுந்தைக்கு உள்ளே எங்கள் ரப்பர் தோட்டத்தை ஒட்டிய சின்னப் பட்டணத்தில் அரைக்கால் சட்டையோடு நிற்கிறேன். கையில் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனையில் கிராணி.

கிராணி என்றால் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிறவர். இது அவரில்லை, எங்கள் வீட்டுக் கிடா. அவருக்கு இருந்த மாதிரியே இதற்கும் ஒரு தாடி. யார் என்ன கேட்டாலும் பதில் சொல்லாமல் மென்றுகொண்டே இருக்கும் குணமும் அப்படியே. பெயர் வைத்தது நான்தான். ஒரு நாள், "டேய் கிராணி, எவன் வீட்டுக் கீரைய திங்கிற நீ!" என்று நான் கத்த, தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்குப் பின்னால் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த நிஜக் கிராணி ஒரு காலை ஊன்றி நின்றுவிட்டார். அன்றைக்கு அப்பா கொடுத்த அறையில் என் காதில் கேட்ட ஓசையும் ஏறக்குறைய ஓப்பராதான்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஆடு மேய்ப்பது என் வேலை. மேய்ப்பது என்பது மரியாதைக்குச் சொல்கிற வார்த்தை. அவை போகிற பக்கமெல்லாம் நான் போவேன். ஆடுகள்தான் என்னை மேய்த்தன. ஒரு நாளும் தொலைக்காமல் வீட்டில் கொண்டுவந்து சேர்த்தன.

சீனர்களின் பேய் மாதம் வந்தால் பட்டணத்துக் கோயில் திடலில் ஓப்பரா. சாமிக்காக மத்தியானமே ஆட்டம் தொடங்கிவிடும். அப்படி ஒரு நாள் கிராணி கச்சான் வாசத்தைப் பிடித்துக்கொண்டு என்னைத் தோட்டத்திலிருந்து திடல்வரை இழுத்துவந்தது. மேடையில் ஒரு தளபதி முதுகில் கொடிகளைச் செருகிக்கொண்டு, சட்டையின் நீளக் கையை வீசி வீசி யாரையோ சபித்துக்கொண்டிருந்தார். சனங்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த முக்காலிகளில் உட்கார்ந்து கச்சான் தோலை உரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் ஒரு வரிசை சிவப்பு நாற்காலி, ஆள் இல்லாமல். ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு ஆரஞ்சுப் பழம்.

பழம் கிராணியின் கண்ணில் பட்டுவிட்டது. ஒரே இழுப்பு. நான் கயிற்றோடு பறந்து போய் நடு நாற்காலியில் தொப்பென்று விழுந்தேன். விழுந்தவன் எழுந்திருக்க வேண்டுமா இல்லையா? பிறந்ததிலிருந்து முதன்முறையாக முன் வரிசை. தளபதியின் மூக்கு மயிர்கூடத் தெரிகிறது. நான் காலை ஆட்டிக்கொண்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் கிராணி பழம் தின்றது.

பின்னாலிருந்து ஒரு சீனக் கிழவி கூச்சல் போட்டாள். "ஹோய்! ஜாஙான் டுடோக் சித்து! ஹந்து பூஞ்ஞா!" அங்கே உட்காராதே, அது பேயுடையது என்று மலாயில் சொல்கிறாள். தாளம் நின்றது. தளபதியும் சாபத்தை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

மளிகைக் கடைக்காரர் மகன் ஆ லெக் ஓடிவந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தான். தோட்டத்துச் சனங்களுக்குக் கடனும் சாமானும் கொடுத்து வளர்ந்தவன். எங்களைவிட நன்றாகத் தமிழில் திட்டுவான்.

"அறிவு இருக்கா ஒனக்கு? முன் வரிசை பேய்ங்களுக்குலா! அதுங்க வந்து உட்கார்ந்து ஓப்பரா பார்க்குது. நீ மடியில போய் உட்கார்ந்துட்ட!"

"யாரு மடியிலடா?"

"எங்க தாத்தாவோ, தவுக்கே முதலாளி பாட்டியோ, எனக்கு எப்படிலா தெரியும்? நீதான உட்கார்ந்த!"

மறுநாள் எனக்குக் காய்ச்சல். வழியில் தொப்பலாக மழையில் நனைந்தேன் என்பதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. அம்மா முனியாண்டி கோயில் திருநீற்றை நெற்றியில் அப்பிவிட்டு, "இனிமே எங்கயும் முந்திக்கிட்டுப் போயி உட்காருவியா?" என்று கேட்டாள். மாட்டேன் என்றேன். பழத்தையே தின்ற கிராணிக்கு ஒன்றும் ஆகவில்லை. தீபாவளிவரை நன்றாகத்தான் இருந்தது.

அன்று சொன்ன 'மாட்டேன்' இன்றுவரை நிற்கிறது. படக்கொட்டகையோ பேருந்தோ கல்யாண வீடோ, எனக்குக் கடைசி வரிசைதான். பள்ளிப் பரிசளிப்பில் ஒரே ஒருமுறை என் பெயரைக் கூப்பிட்டார்கள். கடைசி வரிசையிலிருந்து நான் மேடைக்கு வந்து சேர்வதற்குள் அடுத்த பையன் இரண்டு பரிசு வாங்கிவிட்டான். கோயில் கூட்டங்களில் முன் நாற்காலிக்காகச் சட்டை கிழிவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அங்கே என்னைப் பெரிய அடக்கமானவன் என்கிறார்கள். அடக்கமாவது மண்ணாவது, பயம்! சரசு மட்டும் சொல்வாள்: "நம்ம கல்யாணத்துல மணவறையில வச்சு உங்கள உட்கார வைக்கவே எங்கண்ணன் தோள அமுக்கிப் பிடிச்சாரு."

சரசு என் மனைவி. பேரங்காடியில் காசாளர். ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைக்காது. கச்சானைப் பையில் கொட்டித் தந்தவள் சந்தேகமாகப் பார்த்தாள்.

"கச்சான் எதுக்குங்க? அது என்னா சீனன் கூத்தா?"

"பின்ன என்னா?"

"என்னமோ. ஆனா ஒன்னு. முன்னால போயி உட்காருங்க. பிள்ளைக்கு மூஞ்சி தெரியணும். பேயி பிசாசுன்னு பின்னால பதுங்குனீங்க, ராத்திரி சோத்துக்கு வீட்டுப் பக்கம் வராதீங்க."

மண்டப வாசலில் கறுப்புச் சட்டை போட்ட ஒரு மாணவன் நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டிருந்தான். நம் தமிழ்ப் பையன்தான்.

"அங்கிள், என்னாது இது?"

"முக்காலி."

"உள்ள சீட்டு இருக்கு அங்கிள்."

"இருக்கட்டும்லா தம்பி. நம்ம சீட்டு நம்ம கையில இருந்தா ஒரு தைரியம்."

"பையில சாப்பாடா? சாப்பாடு கொண்டு போகக் கூடாது."

"பிரசாதம்," என்றேன். பிரசாதத்தைத் தடுக்கத் துணிந்த பிள்ளை இந்த நாட்டில் இன்னும் பிறக்கவில்லை. விட்டுவிட்டான்.

உள்ளே முன் வரிசையின் நடு நாற்காலியில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. 'தர்ஷினி அப்பா' என்று தமிழில், அவள் கையெழுத்தில். அது ஒன்றுதான் அந்த மண்டபத்தில் தமிழ். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அடுத்த நொடியே சுற்றிப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். ஏன் என்றால் முன் வரிசை முழுக்கக் காலி! பின்னால் எல்லா வரிசையிலும் சனம். முன் வரிசையில் ஒரு ஈ காக்கை இல்லை. பெரிய மனிதர்களுக்கு ஒதுக்கிவைத்து, அவர்கள் வழக்கம்போல வராமல் போன இடம் அது என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்குத் தோன்றியது ஒன்றுதான். நடப்பது பேய் மாதம். ஓப்பரா. காலி வரிசை. கால்கள் என்னைக் கேட்காமலே திரும்பி நடந்தன. கடைசி வரிசை ஓரத்தில் போய் உட்கார்ந்தேன். பாட்டுத் தொடங்கட்டும், மகள் வரும்போது எப்படியாவது கையை ஆட்டிக் காட்டிவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். விளக்கை அணைத்தார்கள். கடைசி வரிசை என்பது மேடையிலிருந்து பார்த்தால் வெறும் இருட்டு என்று அப்போதுதான் புரிந்தது.

டொங் கேட்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். கேட்டதோ கணகணவென்று ஒரு சத்தம். பியானோவின் ஒல்லியான தங்கச்சி மாதிரி ஒரு பெட்டி. பிஸ்கட் டின்னுக்குள் கரண்டிகளை ஒழுங்காக அடுக்கிக் குலுக்கினால் வருமே, அந்த ஓசை. நாலைந்து வயலின். பாடுகிறவர்கள் எல்லாரும் கறுப்பு உடையில், கையில் கோப்போடு, கோர்ட்டில் கேஸ் கூப்பிடக் காத்திருக்கும் வக்கீல்கள் போல வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மகள் சொன்னபடியே முதுகில் கொடி இல்லை. முகத்தில் சாயம் இல்லை. ஆட்டுக் கதையில் ஆடும் இல்லை. ஒருவர் எழுந்து வாயைத் திறந்தார். பின்சுவரில் ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது. பாட்டு இத்தாலி பாஷையாம்.

மாமாக் கடை முகங்கள் ஒவ்வொன்றாக என் கண்முன் வந்து போயின. சரி, இந்த ஓப்பரா வேறு என்றால் பேய்களும் வேறாகத்தானே இருக்கவேண்டும்? இத்தாலிக்காரப் பேய்க்குச் சீன மாதம் எப்படித் தெரியும்? நியாயமாக யோசித்தால் நான் அப்போதே முன்னால் போயிருக்கலாம். ஆனால் பயத்துக்கு என்றைக்கு ஐயா நியாயம் தெரிந்திருக்கிறது?

கதை இதுதான். ஒரு ஆட்டுக்காரன், ஒரு ஆட்டுக்காரி. இரண்டு பேருக்கும் காதல். காணாமல் போன குட்டியைத் தேடிப் போன ஆட்டுக்காரன் திரும்பவில்லை. 'ஆடுகளே, நீங்கள் மேயுங்கள், நான் அழுகிறேன்' என்று ஆட்டுக்காரி பாடினாள். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடினாள். தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் மண்டோர், அதாவது மேஸ்திரி, பெயரைக் கூப்பிடுவாரே, வந்தவன் 'இருக்கேன்' என்று சொன்ன பிறகும் விடாமல், அந்த மாதிரி. நடுவில் வேறு ராகத்துக்குப் போய், அடடா முடிந்தது என்று நாம் மூச்சு விடும்போது மறுபடியும் முதலிலிருந்து! ஆனால் இந்த முறை அதே வரியில் புதுப்புதுச் சங்கதிகள். அது எனக்குப் பிடித்துப்போனது. எனக்கு இருந்த ஒரே கவலை, இவள் இப்படி விஸ்தாரமாக அழுகிற நேரத்தில் அந்த ஆடுகள் யார் வீட்டுக் கீரையில் வாய் வைத்திருக்கின்றன என்பதுதான். அந்த மண்டபத்தில் இந்தக் கவலை வேறு யாருக்கும் வந்த மாதிரி தெரியவில்லை.

கவலையில் என் கை தானாகப் பைக்குள் போனது. பட்டென்று ஒரு கச்சான். பக்கத்திலிருந்த அம்மாள் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் அந்தச் சீனக் கிழவி தெரிந்தாள்.

ஆட்டுக்காரி ஓடைக்கரைக்கு வந்தாள். 'ஓடையே, அவன் எந்தப் பக்கம் போனான்? நில், சொல்லிவிட்டுப் போ' என்று கேட்டாள். ஓடைதான் பதில் பாட வேண்டும். தர்ஷினி எழுந்தாள்.

என் பிள்ளை ஓடை!

கோப்பைத் திறந்தாள். தலையை நிமிர்த்தி முன் வரிசையின் நடுவைப் பார்த்தாள். அங்கே காகிதம் ஒட்டிய நாற்காலி மட்டும் இருந்தது. அவள் கண் அந்த வரிசையில் இடமிருந்து வலமாகப் போய், மறுபடி நாற்காலிக்கே வந்து நின்றது. கரண்டிப்பெட்டி வாசித்து அவளுக்கு இடம் விட்டது. அவள் வாயைத் திறந்தாள். வரவில்லை. வாசிப்பவர் சிரித்த முகத்தோடு அதே பகுதியை மறுபடி வாசித்தார். மறுபடி வாய் திறந்தது. காற்று.

நான் கையை ஆட்டினேன். இருட்டுக்குள் இருந்து எந்தக் கையும் யாருக்கும் தெரியாது. அப்பா வரவில்லை என்றுதான் அவள் நினைத்திருப்பாள். பேய் மடியோ பிசாசு மடியோ, எழுந்துவிட்டேன். முக்காலியை அங்கேயே போட்டுவிட்டுப் போயிருக்கலாம். பையையும்தான். பதறுகிறவனுக்குக் கையில் இருப்பதை வைக்கத் தோன்றுமா? நடுவழியில் முக்காலி தானாக விரிந்து ஒரு நாற்காலிக் காலில் மாட்டியது. நான் இழுக்க, பை கிழிந்தது. அந்த மண்டபத்தின் தரை பலகைத் தரை, அதுவும் சரிவான தரை. கச்சான்கள் மேடையை நோக்கி உருளத் தொடங்கின. ஒவ்வொன்றின் சத்தமும் தனித்தனியாகக் கேட்டது. மூன்றாவது முறை வாசிக்க விரலைத் தூக்கியவர் தூக்கியபடியே காத்திருந்தார்.

எனக்கு முன்னால் என் கச்சான்கள் போய்ச் சேர்ந்தன. பின்னாலேயே நான் போய், காகிதத்தின் மேல், தொப்பென்று உட்கார்ந்தேன். ஓரமாக மெல்ல உட்காரலாம் என்றுதான் நினைத்தேன். முன் வரிசையில் எனக்கு உட்காரத் தெரிந்தது அந்த ஒரு விதம்தான்.

தர்ஷினி என்னைப் பார்த்தாள். உதட்டை உள்ளே மடித்துக் கடித்தாள். சின்ன வயதில் கோயிலில் தேவாரம் பாடும்போது சிரிப்பு வந்தால் அடக்க அப்படித்தான் செய்வாள். நான் மூஞ்சியை நன்றாகத் தூக்கிக் காட்டினேன். சத்தியம் செய்திருக்கிறேனே.

குரல் வந்தது. முதலில் மெல்லிய இழைதான். லயத்துக் குழாயில் விடியற்காலையில் தண்ணீர் வருமே, உறுமிவிட்டு, சொட்டி, பிறகு கொட்டி, அப்படி. 'நில் என்கிறாய், நின்றால் நான் ஓடை இல்லை' என்று சுவரில் எழுத்து ஓடியது. நடுப்பகுதி போய் மறுபடி முதலிலிருந்து அவள் தொடங்கியபோது அந்த வரி எங்கெங்கோ வளைந்து, கல்லைச் சுற்றி, பள்ளத்தில் இறங்கி ஏறியது. எனக்கு இத்தாலியும் தெரியாது, சங்கீதமும் தெரியாது. என்னமோ தெரியவில்லை, கண்ணில் தண்ணீர். துடைக்கக் கையைத் தூக்கினால் விரலெல்லாம் கச்சான் உப்பு. அப்புறம் கண்ணீருக்குக் காரணம் வேறு வேண்டுமா?

சாயந்திரம் அவளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்டேன். முதலில் சரசுவுக்குப் போன் செய்தாள். "குரல் வந்துச்சும்மா... ஆமாம்மா, முன்னாலதான்... இல்லம்மா, அது பெரிய கதை." டீச்சர் அடுத்த ஓப்பராவுக்கும் பெயரைக் கேட்டிருக்கிறாராம். கொடுத்துவிட்டாளாம். கோர்ஸ் மாற்றுகிற பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

நேர் வழியை விட்டுவிட்டுப் பழைய பட்டணத்துப் பக்கமாகக் காரைத் திருப்பினேன். ஓப்பரா மேடை போட்ட திடலில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். பேய் மாதத்தில் ஒரு லோரி வரும். அதன் முதுகிலேயே மேடை. இரண்டு பெண்கள் கரோக்கேயில் பாடிவிட்டுப் போவார்கள். கொடி செருகிய தளபதி எங்கே போனாரோ. ஆ லெக் பிள்ளைகளோடு ஆஸ்திரேலியாவில் இருக்கிறான். அங்கே தமிழில் திட்டுவதற்கு ஆள் இல்லை என்று வருத்தப்படுகிறான். லயம் இருந்த இடத்தில் வேலி போட்ட மாடி வீடுகள். வாசல் வளைவில் பசும்புல் மேய்ச்சல் நிலம் என்று அர்த்தம் வருகிற ஆங்கிலப் பெயர். உள்ளே ஆடு வளர்க்கக் கூடாதாம். நிஜக் கிராணியும் இல்லை, எங்கள் கிராணியும் இல்லை. அந்தக் காலத்தில் முன் வரிசை மட்டும்தான் பேய்களுக்கு. இப்போது அந்தத் திடலில் எல்லா வரிசையும் அவர்களுக்கே.

இதையெல்லாம் மகளுக்குச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். சிவப்பு நாற்காலி, ஆரஞ்சு, மடி, காய்ச்சல் எல்லாம். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டாள். கடைசியில், விளையாட்டாகக் கேட்கிற மாதிரி, ஆனால் உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டி, கேட்டேன்:

"ஏம்மா, மேடையில இருந்து பார்க்கறப்போ... முன் வரிசையில பேய் ஏதும் தெரிஞ்சிச்சா?"

"ஒன்னுதான்பா. கச்சான் தின்னுக்கிட்டு இருந்துச்சு."